உப்பேறிய போர்டை எறிந்துவிட வேண்டாம்

பேசாலையிலிருந்து ஒரு சம்மாட்டி தன் படகு ஜீபீஎஸ்ஸைப் பையில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார். அலை அடித்து உள்ளே கடல் தண்ணீர் போயிருந்தது. போன இடமெல்லாம் போர்ட் முடிந்தது, புதிசு வாங்குங்கோ என்றார்களாம். "புதிசு வாங்கலாம் தம்பி. அதுக்குள்ள கிடக்கிற பாரெல்லாம் திரும்பி வருமா?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடமாக மீன் படும் பார்களை ஒவ்வொன்றாகத் தேடி அதில் குறித்து வைத்திருந்தார். 1974லும் 1976லும் இந்தியாவோடு வகுத்த கடல் எல்லை நமக்குக் கூப்பிடு தூரம். இங்கே அந்தக் கருவி இல்லாமல் இரவில் கடலுக்குப் போக முடியாது.

திறந்தால் பவர் சிப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. இப்படிப்பட்ட போர்டில் ஸ்பிரிட்டைத் தடவிவிட்டு உடனே ஹொட் எயாரைப் பிடிப்பதுதான் நம் பொடியள் பலர் செய்கிற பிழை. உப்பு ஸ்பிரிட்டில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பற்றரியைக் கழற்றி, வடிநீரில் கழுவி, இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் காயவிட வேண்டும். ஈரம் தங்கிய சிப்பில் சூடு பட்டால் உள்ளே ஆவியாகி அதைப் பிளந்துவிடும். பிறகு அடியிலிருந்து நூறு பாகைக்கு மேல் சூடேற்றி, பேஸ்ட் வைத்து, மேலே காற்றை வட்டமாகச் சுற்ற வேண்டும். பழைய ஈயம் 183 பாகையில் உருகும். இப்போதைய ஈயமில்லாப் பற்றுக்கு 217 வேண்டும். மெஷினில் 350 காட்டினாலும் போர்டுக்கு அவ்வளவும் வந்து சேராது. சோளகம் அடிக்கும் நாளில் நான் கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன். பற்று உருகியதும் மங்கல் போய்ப் பளபளக்கும். சாமணத்தால் மெல்லத் தொட்டால் சிப் மயிரளவு நகர்ந்து தானே பழைய இடத்துக்கு வரும். அதற்கு முன் தூக்கவே கூடாது.

2022இல் ஒரு மாணவியின் போனில் நான் தூக்கினேன். சிப்போடு அடியிலிருந்த செப்புப் புள்ளிகளும் பிய்ந்து வந்தன. டொலர் இல்லாமல் நாடு தவித்த காலம். புதுப் போன் அவர்கள் வீட்டால் முடியாத காரியம். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் மனதில் நிற்கிறது.

நான் சான்றிதழ் எடுத்த பயிற்சியில் சோல்டரிங் அயனை மட்டும்தான் பழக்கினார்கள். இன்றைய சிப்புகள் பலவற்றுக்குக் கால் இல்லை, வயிற்றுக்கடியில்தான் பற்றுக் குண்டுகள். அங்கே அயன் எட்டாது. இந்த மாவட்டத்தில் மின்னணுப் பயிற்சி கொடுக்கிற இடங்களில் ஹொட் எயாரும், அடிச்சூட்டு மேசையும், உருப்பெருக்கியும், பழுதாக்கிப் பழக ஒரு பெட்டி பழைய போர்டும் இருக்க வேண்டும். பேஸ்ட் புகை மூச்சை இழுக்கும், அதற்கு வெளியேற்றும் விசிறியும் வேண்டும். தலைமன்னார், பேசாலை, வங்காலை, சிலாவத்துறை என்று கரைக்கு ஒரு பிள்ளையைக் கடற்றொழிலாளர் சங்கங்களே தெரிந்து அனுப்பலாம்.

மூன்றாம் நாள் ஜீபீஎஸ்ஸில் வெளிச்சம் வந்தது. சம்மாட்டி பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். போகும்போது, "என்ட மகனுக்கும் இதைப் பழக்கிவிடுவியா?" என்றார். என் கடையில் ஒரு மேசைக்குத்தான் இடம் இருக்கிறது.