பால் இல்லை என்று சொல்லுமுன்...



"எனக்குப் பால் ஊறலைங்க, புட்டிப்பால்தான் குடுக்கறேன்." லோபாக் பக்கம் பச்சை உடம்புக்காரி உள்ள வீட்டுக்குப் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பிள்ளை பெற்று நாலு நாள்கூட ஆகியிருக்காது. மாமியார் தலையாட்டுவார், பக்கத்து வீட்டு அக்காளும் தலையாட்டுவார். சாயங்காலமே கடையிலிருந்து மாவு டின் வந்துவிடும். பிள்ளை மார்பை எப்படிப் பிடிக்கிறது என்று மட்டும் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். உண்மையிலேயே பால் சுரக்காத தாய்மார் மிகச் சிலர்தான். பிள்ளை சரியாகப் பிடிக்காததால் பால் குறைந்துபோகும் தாய்மார்தான் அதிகம். மரம் வெட்டிய கைகளுக்கு இது புரியும். கத்தி மேலோடு போனால் பால் வடியாது. அதற்கு மரத்தையா குறை சொல்வோம்?

பிள்ளை காம்பை மட்டும் சப்பினால் காம்பு வெடிக்கும், பிள்ளைக்கும் வயிறு நிறையாது. காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்திலும் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். முதுகுக்குத் தலையணை வைத்து, சாய்ந்து உட்காருங்கள். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நீங்களே ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், சிரமம் தெரியும். பிள்ளையின் மூக்குக்கு நேராகக் காம்பு வரட்டும். காம்பால் மேலுதட்டை மெல்லத் தடவி, கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுங்கள். திறந்தவுடன் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். பின்மண்டையைப் பிடித்து அமுக்கவும் வேண்டாம், பிள்ளை முரண்டு பிடிக்கும்.

சரியாகப் பிடித்தால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் உருண்டையாக இருக்கும், விழுங்கும் சத்தம் கேட்கும். கன்னம் குழிந்தாலோ, 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, உங்களுக்கு வலி நீடித்தாலோ, பிடி தவறு என்று அர்த்தம். இழுத்துப் பிடுங்காதீர்கள். கழுவிய சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி பிடிக்க விடுங்கள். பத்துத் தடவை ஆனாலும் பரவாயில்லை.

வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்கள் பிள்ளையை அக்குளுக்குக் கீழே, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அணைத்துக்கொண்டால் தையலில் படாது. ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம். சீம்பாலைப் பீச்சிக் கொட்டும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து மாதிரி, கொட்டாதீர்கள். தேனும் சீனித்தண்ணீரும் வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி. இரவு பகலாக எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுங்கள். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று தைரியமாக இருங்கள். அதற்குக் குறைந்தாலோ, பிள்ளை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, உங்களுக்கு மார்பு சிவந்து காய்ச்சல் கண்டாலோ, அன்றே கிளினிக்கில் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். டாக்டரே மாவுப்பால் கொடுக்கச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம். அந்தத் தாயை யாரும் குத்திப் பேசக் கூடாது.

டின் பால் நம் வீடுகளுக்குள் தானாக வந்து புகுந்ததல்ல. அந்தக் காலத்தில் கம்பெனிகள் தாதி உடுப்பில் பெண்களை வீடுவீடாக அனுப்பி, இனிப்புக் கட்டிப் பாலைப் பிள்ளை உணவென்று விற்றன. மலாயாவில் வேலை செய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் எழுந்து, இந்தப் பொய்ப் பிரச்சாரத்தால் பிள்ளைகள் சாவதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று பேசினார். உலக சுகாதார நிறுவனம் விற்பனைக்குக் கட்டுப்பாட்டு விதிகள் கொண்டுவந்தது 1981-இல்தான். இடையில் 42 வருஷம் ஓடிவிட்டது!

இனி சங்கத்துக்கு ஒரு கேள்வி. பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்தது 2023 ஜனவரி முதல் 98 நாளானது. நல்லதுதான். 98 நாள் என்றால் 14 வாரம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய ஆறு மாதம் 26 வாரம். மீதி 12 வாரத்துக்கு வழி என்ன? வேலை இடத்தில் பாலூட்டவோ பீச்சி எடுக்கவோ அரை மணி இடைவேளை, கதவு சாத்தும் ஓர் அறை, கை கழுவத் தண்ணீர், பாலை வைக்க ஓர் ஐஸ்பெட்டி. அடுத்த ஒப்பந்தப் பேச்சில் போனஸோடு இதையும் மேசைமேல் வையுங்கள். கிளைக் கூட்டத்தில் ஆண்கள் எழுந்து கேட்டாலும் தப்பில்லை, பிள்ளை அவர்களுக்கும்தானே!