அவனுக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் அதை அமைத்துத் தரப் போகும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "யார் யார் பயன்படுத்தப் போகிறீர்கள்?" என்பதுதான். ஆளுக்கொரு யூசர் அக்கவுண்ட் அமைத்துவிட்டால் பின்னால் சண்டை வராது. சில ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள் என மூன்று பேரைச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நான் கேபிள் மாட்டுவதையே கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருந்த பத்து வயதுப் பையனை யாரும் சொல்லவில்லை. அவனுக்கு செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம். பேச்சு வீட்டாருக்கு மட்டும் ஓரளவு புரியும்.

"தம்பிக்கு?" என்றேன்.

"அவனுக்கு எதற்கு சார்? கை வைத்தால் கீ போர்டையே உடைத்துவிடுவான். ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்றார் அப்பா. நானும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான வசதிகள் விண்டோஸ் 95 காலத்திலிருந்தே சிஸ்டத்திற்குள் இருக்கின்றன. ஆனால் நாம் எல்லோரும் வால்பேப்பர் மாற்றும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறோம்.

ஆறு மாதம் கழித்துப் பிரிண்டர் பிரச்னை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நோட்பேட் முழுக்க "ககககககக" என்று பக்கம் பக்கமாக ஓடியிருந்தது. அக்காதான் பாஸ்வேர்டைச் சொல்லியிருக்கிறாள். "பார்த்தீர்களா சார்" என்றார் அப்பா. பார்த்தேன். பையன் சரியான கீயைத்தான் அழுத்தியிருந்தான். விரலை உடனே எடுக்க அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு கீயை அழுத்திப் பிடித்தால் அந்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பது விண்டோஸின் வழக்கம். அது நம் கைக்கு ஏற்ப வகுத்த வழக்கம். அவன் கைக்கு அல்ல.

இதற்குத்தான் ஃபில்டர் கீஸ். விண்டோஸ் கீயுடன் யு கீயை அழுத்தினால் இந்த வசதிகள் உள்ள விண்டோ கிடைக்கும். அதில் கீபோர்ட் பிரிவில் ஃபில்டர் கீஸை இயக்கிடவும். தவறிப் பட்ட அழுத்தங்களையும், விரல் நின்றுவிடுவதால் வரும் எழுத்துகளையும் விண்டோஸ் கண்டுகொள்ளாது. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். அதன் அருகிலேயே இருக்கும் ஸ்டிக்கி கீஸை இயக்கினால் கண்ட்ரோல், ஷிப்ட் கீகளை இன்னொரு கீயுடன் சேர்த்து அழுத்த வேண்டாம்; ஒன்றன் பின் ஒன்றாக அழுத்தினால் போதும். ஒரு விரலே வேலை செய்யும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

அன்று அவன் தன் பெயரை அடிக்கப் பத்து நிமிடம் ஆனது. நடுவில் ஓர் எழுத்து தவறு. இந்த அமைப்பில் பேக் ஸ்பேஸும் ஒரு அழுத்தத்திற்கு ஓர் எழுத்துதான் அழிக்கும். பொறுமையாக ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத் திரும்ப அடித்தான். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டான்.

தமிழில் டைப் செய்யத் தமிழ் 99 கீ போர்டை அமைத்துக் கொடுக்கச் சொல்வேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கிறது. "அம்மா" என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே அழுத்தம். புள்ளி தானாக விழும். கிரந்த எழுத்துகள் தவிர மற்றவற்றுக்கு ஷிப்ட் வேண்டாம். ஆங்கில உச்சரிப்பு முறையில் ள, ண, ற என வரும் இடமெல்லாம் ஷிப்ட் தேடும் விரலுக்கு இது எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்துக் கீகளில் விரல் படுகிறதா? கீ இருக்கும் இடங்களில் மட்டும் ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றை மேலே பொருத்தலாம். பெயர்ப் பலகை செய்யும் கடையில் அளவு கொடுத்தால் வெட்டித் தருவார்கள்.

பார்வை குறைந்த பிள்ளை என்றால் விண்டோஸ் கீயுடன் கூட்டல் குறியை அழுத்தவும், திரை பெரிதாகும். பார்வையே இல்லை என்றால் என்விடிஏ என்ற இலவச புரோகிராம் திரையில் உள்ளதைத் தமிழிலும் படித்துக் காட்டும். முதலில் இவற்றைப் பயன்படுத்திப் பாருங்கள். பிறகு பல்லாயிரம் கொடுத்து "ஸ்பெஷல்" சாப்ட்வேர் வாங்குவது பற்றி யோசிக்கலாம். இரண்டு மாதத்தில் குழந்தை மாறிவிடும் என்று சொல்லி விற்பவரை வாசலோடு அனுப்பிவிடவும். கம்ப்யூட்டர் மருந்தல்ல, பிசியோதெரபிக்கும் பள்ளிக்கும் மாற்றும் அல்ல. பிள்ளையை அதன் முன் உட்கார வைத்துவிட்டு நாம் சீரியல் பார்க்கவும் கூடாது.

உடைத்துவிடுவானே என்ற பயம் நியாயம்தான். ஆனால் கீ போர்ட் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. பைல்களை அழித்துவிடுவான் என்றால் அவனுக்கென ஸ்டாண்டர்ட் யூசர் அக்கவுண்ட் ஒன்றை உருவாக்கிடவும். மற்றவர்கள் பைல்களுக்கு ஆபத்து வராது.

அந்த வீட்டு அம்மா பிறகு போனில் ஒன்று சொன்னார். பழகிய சில வாரங்களில் பையன் திரையில் அடித்துக் காட்டியது: "ரசம் வேண்டாம்." எளிதாக விழுங்குவானே என்று தினமும் ரசம் சாதம்தான் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள். அவனும் வாய் திறந்து வாங்கியிருக்கிறான்.

இன்னொன்று. சிறப்புத் தேவை உள்ள மாணவர்கள் பொதுத் தேர்வில் விடைகளைக் கம்ப்யூட்டரில் டைப் செய்ய சிபிஎஸ்இ 2018இல் அனுமதி அளித்தது. மருத்துவச் சான்று வேண்டும். இன்டர்நெட் இணைப்பு கூடாது. மற்ற போர்டு என்றால் பள்ளியில் முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் பத்தாம் வகுப்பில் போய்க் கீ போர்டைக் கையில் கொடுத்தால் அதுவே இன்னொரு பாடமாகிவிடும். ஐந்தாம், ஆறாம் வகுப்பிலேயே தினம் அரை மணி நேரம் அவன் விருப்பப்படி எதையாவது அடிக்கட்டும். அக்காவுக்கு ப்ராஜெக்ட் இருக்கிறது என்று அந்த அரை மணியை மட்டும் பிடுங்காதீர்கள்.