பிள்ளை மடுவமும் அஸ்வெசுமவும்

எஹலியகொட முதல் பலாங்கொடை வரையிலும், கேகாலைப் பக்கம் எட்டியாந்தோட்டை, தெரணியகலை வரையிலும் கடை வைத்திருக்கும் எம்மவர் பலரின் வியாபாரம் இன்றும் தோட்டத்துச் சனங்களின் கடன் கொப்பியில்தான் ஓடுகிறது. தோட்டச் சம்பளம் வந்தால் ஒரு தடவை கொப்பி குறையும், அஸ்வெசும வங்கிக்கு வந்தால் இன்னொரு தடவை குறையும். ஆகவே இந்த இரண்டு பணமும் ஒன்றையொன்று எப்படித் தின்கிறது என்பது எமக்கும் வேண்டிய விடயமே.

இறப்பர் பால் வெட்டும் பெண் விடியுமுன் எழும்ப வேண்டியவள். கைப்பிள்ளை இருந்தால் அவளுக்கு இரண்டு வழிதான். ஒன்று வீட்டிலே நிற்பது, மற்றது பிள்ளை மடுவத்தில் விடுவது. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெரிய பெயர் உண்டு. ஆனாலும் வாயில் வருவது மடுவம்தான். மடுவம் இருப்பதால் தாய் வேலைக்குப் போகிறாள். வேலைக்குப் போவதால் செக்றோலில் பெயர் விழுகிறது. அங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது.

எனது கடைக்கு வரும் ஒரு தங்கச்சி இப்படிக் கேட்டாள்: "நானா, பிள்ளையை மடுவத்தில விட்டுட்டு நான் பேர் பதிஞ்சா அஸ்வெசுமவை வெட்டிடுவாங்களா?" மடுவத்தில் விட்டதற்காக எவரும் வெட்டுவதில்லை. ஆனால் அதனால் வரும் சம்பளம் குடும்பத்தின் நிலையை மாற்றுகிறது. அடுத்த மீளாய்வில் அது கணக்குக்கு வரும். அவள் பயப்பட்டதில் நியாயம் உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும, குடும்பத்தின் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பக்கங்களை 22 குறிகாட்டிகளால் அளந்து புள்ளி போடுகிறது. ஆரம்பத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நான்கு படிகள் இருந்தன. முதல் இரண்டும் தொடக்கத்திலிருந்தே காலவரையறை உள்ளவை. 2025 ஜனவரியில் மேல் இரண்டு படிகள் 10,000, 17,500 ஆக உயர்ந்தன. தோட்டத்து நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்று நிர்ணயமானது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, அரசு 200 ரூபா வரவுக் கொடுப்பனவும் தருவதாகச் சொல்லப்பட்டது. நாம் கடைக்காரர், குறைத்தே எடுப்போம். 1,350 வீதம் 15 நாள் வேலை என்றால் 20,250 ரூபா. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போக 18,630. அந்தக் குடும்பம் பெற்ற 10,000 நின்று போனால் கைக்கு மேலதிகமாக வந்தது 8,630 மட்டுமே. நாளுக்கு 575 ரூபா! அதற்காகத்தான் கைப்பிள்ளையை விட்டுவிட்டு விடியற்காலையில் மரத்தடிக்குப் போகிறாள். மடுவம் இல்லாமல் பக்கத்து லயத்துக் கிழவிக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்பவளின் நிலையைச் சொல்லவே தேவையில்லை.

இது புதிய கதையுமல்ல. 1995 இல் சமுர்த்தி வந்தபோதும் தோட்டக் குடும்பங்கள் பெருமளவு வெளியேதான் நின்றன. செக்றோலில் இருவர் பெயர் இருந்தால் வருமானம் எழுத்தில் நிற்கிறது. நகரத்தில் சில்லறை வியாபாரம் செய்பவனின் வருமானத்தை யார் எழுதி வைத்தார்கள்? உண்மையாக உழைத்து எழுத்தில் காட்டுபவரே தண்டிக்கப்படுகிறார்.

சட்டத்திலேயே இதைப் போல இன்னொன்று இருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வேலை நாளில் பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு. தொழில் தருநர் பிள்ளை பராமரிப்பு இடம் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். மடுவம் பக்கத்தில் இருந்தால் நடக்கும் தூரம் குறையும் என்பது சட்டத்தின் எண்ணம். அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வசதி வந்தால் இன்னொன்று சுருங்கும் என்பது தாய்மாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் எமது உறவினர்களைக் கேளுங்கள், அங்கும் இதே தலையிடிதான். "டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கெயார்" என்ற திட்டத்தில் பெற்றோர் 8 பவுண் போட்டால் அரசு 2 பவுண் போடும். ஆனால் அதை எடுப்பவர் யுனிவர்சல் கிரெடிட்டை ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. 2025 ஏப்ரலில் முடிவுக்கு வந்த டாக்ஸ் கிரெடிட் காலத்திலும் இப்படித்தான். தெரியாமல் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய கொடுப்பனவு நின்றது. ஆயினும் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவர் வேலைக்குப் போனால் பணம் ஒரேயடியாக நிற்காது, குறிப்பிட்ட எல்லைக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் வீதம் குறையும். பிள்ளை பராமரிப்புச் செலவிலும் நூற்றுக்கு 85 வரை ஓர் உச்ச எல்லைக்குள் திரும்பக் கிடைக்கும். எமது நாட்டில் படியில் இறங்குவதில்லை, மாடியிலிருந்து விழுகிறோம்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். கடையில் வேலைக்கு நிற்கும் தோட்டத்துப் பெண்ணிடம், "பேர் பதிய வேண்டாம், கையில தாறேன், உனக்கு அஸ்வெசும நிக்கும்" என்று சொல்லும் முதலாளிமார் உண்டு. கேட்க உபகாரம் போல இருக்கும். 2026 ஜனவரியிலிருந்து ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்குச் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும், அதாவது 4,500 ரூபா. அது யாருடைய சட்டைப்பையில் மிஞ்சுகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அஸ்வெசும அடுத்த மீளாய்வில் எப்படியும் போகலாம். சேமலாப நிதியோ அவள் வயதான காலத்தில் கையில் இருக்க வேண்டிய ஒரே பணம். அதை மறைத்துக் கொடுப்பது உதவி அல்ல.

எனது அபிப்பிராயம் இதுதான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் புதிதாக வேலையில் பதிந்தால் ஒரு வருடத்துக்கு அந்தக் குடும்பத்தின் அஸ்வெசுமவில் கை வைக்கக் கூடாது. பிறகும் ஒரேயடியாக நிறுத்தாமல் பாதி பாதியாகக் குறைக்கட்டும். அரசுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. பெயர் பதியப் பயந்து ஒளிந்திருப்பவர்கள் வெளியே வருவார்கள், சேமலாப நிதியும் நிரம்பும்.

மடுவத்தின் நேரமும் மாற வேண்டும். தோட்ட வேலை முடிய அது மூடப்படுகிறது. எமது கடைகளோ இரவு ஏழு, எட்டு வரை திறந்திருக்கும். இரத்தினபுரி, மாவனல்லை, வரக்காப்பொலை போன்ற இடங்களின் வர்த்தக சங்கங்கள் சேர்ந்து நகரத்துக்கு ஒரு பராமரிப்பு நிலையத்தை எடுத்து நடத்தலாம். பத்துக் கடைகள் பங்கு போட்டால் வாடகையும் ஓர் ஆயாவின் சம்பளமும் தாங்கக்கூடிய செலவுதான். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தோரணமும் மின்விளக்கும் பற்றிப் பேசி முடிந்த பிறகாவது இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, அஸ்வெசும பற்றிய கோரிக்கையையும் ஒரு கடிதமாகப் பிரதேச செயலாளரிடம் கொடுங்கள்.