அந்தச் செவுருக்குப் பின்னாடி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸிலிருந்து 14 பேர் கண்ணகி நகருக்கு ‘மியூரல் வாக்’ போனோம். ஏற்பாடு செய்தவன் நான்தான். வெயில் ஏறும் முன் காலை ஆறரைக்கு துரைப்பாக்கத்தில் கூடி, டீ குடித்துவிட்டு, ஒவ்வொரு பிளாக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தோம். நான்கு மாடி உயரத்துக்கு முகங்கள், கைகள், பூக்கள், பறவைகள். நானே இருநூறு படமாவது எடுத்திருப்பேன். அதில் ஒரு பெண்ணின் முகம் இருந்த சுவரை கீழே கொஞ்சம் வெட்டி, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி இன்ஸ்டாகிராமில் போட்டேன். நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் வராத அளவு லைக் வந்தது.

செவ்வாய்க்கிழமை அதே படம் ஆபீஸ் லாபி டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஹவுஸ்கீப்பிங் அக்கா மாப்பைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது எங்க பிளாக்கு தம்பி.”

“நல்லாருக்குல்லக்கா?”

“வெளிய நல்லாருக்கு. அந்தப் பொம்பள மூஞ்சி இருக்கில்ல, அதுக்கு நேரா உள்ளாற எங்க சமையல் மேடை. பைப்பு ஒழுவி ஒழுவி செவுரு பூரா பாசி.”

புகார் சொல்கிற குரலே இல்லை. இன்னைக்கு வெயில் ஜாஸ்தி என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த டைல்ஸுக்குப் போய்விட்டார். நான்கு வருஷமாக அதே தளத்தில் எனக்குக் காபி கோப்பை கழுவித் தருகிறவர். வீடு எங்கே என்று ஒருமுறை கேட்டதற்கு “துரைப்பாக்கம்” என்றுதான் சொல்லியிருந்தார். ஏன்க்கா கண்ணகி நகர்னு சொல்லல என்று இப்போது கேட்டேன். “சொன்னா வேலைக்கு எடுப்பாங்களா?” என்று திருப்பிக் கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் எழுதுவது. கோபம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பாதி என்மேல்.

கண்ணகி நகர் ஊர் அல்ல, ஊரிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் கிடங்கு. 2000ஆம் ஆண்டையொட்டி குடிசை மாற்று வாரியம் கட்டத் தொடங்கிய குடியிருப்பு. கூவம் கரை, அடையாற்றுக் கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்று நகரத்தின் நடுவில் பல தலைமுறைகளாக இருந்தவர்களை, பாலத்துக்காக, ரயிலுக்காக, ஆற்றைச் சுத்தம் செய்வதற்காக, பிறகு சுனாமிக்கும் 2015 வெள்ளத்துக்கும் பிறகு பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லி, லாரியில் ஏற்றி சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து இறக்கினார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடியை ஒட்டியவை. எங்கள் ஆபீஸ் மீட்டிங் ரூம் அதைவிடப் பெரிசு. மயிலாப்பூரில் வீட்டு வேலை பார்த்தவர்களுக்கு மயிலாப்பூர் போய்வர பஸ் காசு கட்டுப்படியாகவில்லை. சிறியவர்களுக்குப் பள்ளிக்கூடம் மாறியது. எந்தக் குற்றம் நடந்தாலும் போலீஸ் முதலில் வந்து நிற்கிற இடமாக ஊர் பெயரே மாறிப்போனது. அதுவும் யாருடைய பெயர்? அரசனிடம் போய் நியாயம் கேட்டவள் பெயர். மெரினாவில் இருந்த கண்ணகி சிலையை 2001இல் எடுத்தார்கள், 2006இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த நகரத்தில் இடம்பெயர்க்கப்பட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவந்த ஒரே கண்ணகி அந்தச் சிலைதான்.

2020 தொடக்கத்தில் இங்கே ஓவியர்கள் வந்தார்கள். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து, அரசு ஒத்துழைப்போடு, கண்ணகி நகரை ‘கலை மாவட்டம்’ ஆக்கினார்கள். உள்ளூர், வெளியூர், வெளிநாட்டு ஓவியர்கள் பிளாக் பிளாக்காக வரைந்தார்கள். இந்த இடத்தின் மீதான களங்கத்தைத் துடைப்பது நோக்கம் என்று சொல்லப்பட்டது. அவர்களுடைய உழைப்பையோ திறமையையோ நான் சந்தேகிக்கவில்லை. சாரத்தில் தொங்கிக்கொண்டு சென்னை வெயிலில் 40 அடி உயரத்தில் ஒரு கண்ணிமையை வரைவது விளையாட்டில்லை. அக்காவும் படத்தை வெறுக்கவில்லை. “ஆட்டோக்காருக்கு வழி சொல்ல ஈசியா இருக்கு. அந்தப் பொம்பள மூஞ்சி பில்டிங்குன்னா வந்துடறான்” என்றார். நம்பர் மட்டும் இருந்த இடத்துக்கு ஒரு அடையாளம். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல, பின்கோடு மாறாமல் வளர்ந்த எனக்குத் தகுதி இல்லை.

என் சண்டை வேறு. களங்கம் எங்கே இருக்கிறது? சுவரிலா? வேலைக்கு எடுக்காதவன் தலையில் இருக்கிற களங்கத்துக்கு வேலை கேட்டு வருகிறவள் வீட்டுச் சுவரில் ஏன் பெயின்ட் அடிக்க வேண்டும்? முறைப்படி பார்த்தால் பெயின்ட் அடிக்க வேண்டியது எங்கள் எச்.ஆர். டிபார்ட்மென்ட் சுவரில்.

‘திறந்தவெளி ஆர்ட் கேலரி’ என்கிறோம். கேலரிக்கு வருபவன் படத்தைப் பார்ப்பான், சுவரைப் பார்க்க மாட்டான். அதுதான் கேலரியின் விதி. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் 14 பேரும் அதைத்தான் செய்தோம். அண்ணாந்தே நடந்ததால் கீழே ஓடிய சாக்கடையை யாரும் பார்க்கவில்லை. ஒருத்தர் மட்டும் பார்த்தார், மிதித்த பிறகு.

இந்த இடத்தில் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திண்டிவனம் பக்கம் சுவர் எழுதுகிறவர். எல்லாக் கட்சிக்கும் எழுதுவார். முதலில் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்து, நீலத்தில் நனைத்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டு, வஜ்ரம் காய்ச்சிக் கலந்த கலர்ப் பொடியில் எழுதுவார். ‘ழ’ போட்டால் அவ்வளவு வயிறாக இருக்கும். நான் எழுத்து படித்தது பாதி பள்ளிக்கூடத்தில், பாதி அவர் சுவரில். தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே மூலையில் கட்சி பெயரும் வருஷமும் போட்டுச் சுவரைப் பிடித்துவைப்பது அவர் வேலை. வீட்டுக்காரரிடம் “அண்ணே, செவுத்துல எழுதிக்கட்டா?” என்று கேட்காமல் பிரஷ்ஷைத் தொடமாட்டார். தேர்தல் தேதி அறிவித்து நடத்தை விதி வந்ததும், எழுதியதை அழிக்கச் சுண்ணாம்பு அடிக்க ஆள் தேடுவார்கள். ஒரு தேர்தலில் அந்தக் கூலிக்கும் அவரேதான் போனார். தன் ‘ழ’வைத் தானே வெள்ளையடித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலையும் போய் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன்.

அவரை யாரும் ஸ்ட்ரீட் ஆர்டிஸ்ட் என்று கூப்பிட்டதில்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எழுதுவதும் ஒட்டுவதும் அதன்படி குற்றம். சட்டம் தேவையில்லை என்று சொல்லவில்லை. தலைவர்களின் பல்லைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் அலங்கோலம் எது, அலங்காரம் எது என்று தீர்மானிப்பவர் யார்? 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையில் போஸ்டர்களைக் கிழித்துவிட்டு, அதே சுவர்களில் மாமல்லபுரம், கிராமத்துக் காட்சி, தமிழர் பண்பாடு என்று படம் வரையவைத்தது. ஃப்ளெக்ஸால் வேலை இழந்த பேனர் ஓவியர்களுக்குக் கொஞ்சநாள் வேலை கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அந்தப் படங்களின் முதல் வேலை அழகு அல்ல, காவல். சுவரில் வேறு யாரும் எதையும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது. இது நம் கண்டுபிடிப்பும் இல்லை. மியூரல்களுக்குப் பேர்போன அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் அந்தத் திட்டம் 1984இல் தொடங்கியது கிராஃபிட்டியை ஒழிக்கும் நடவடிக்கையாகத்தான். அங்கே எழுதிக்கொண்டிருந்த இளைஞர்களையே கூப்பிட்டுப் படம் வரைய வைத்தார்கள். நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டோம்.

யார் வரையலாம் என்பதற்கு சென்னை தந்த தெளிவான பதில் கண்ணகி நகர் ஓவியங்களுக்குச் சில வாரங்கள் முன்பு வந்தது. 2019 டிசம்பர் 29, பெசன்ட் நகர். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சிலர் தெருவில் கோலம் போட்டார்கள். மார்கழி மாசம், கோலமாவு, காலை நேரம். நம் பாட்டிகள் அத்தனை பேரும் செய்த காரியம். நடுவில் சட்டம் வேண்டாம் என்று எழுதியிருந்ததுதான் வித்தியாசம். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டது. மறுநாள் அரசியல் தலைவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் அந்தக் கோலம் பரவியது வேறு கதை. ஒரு வாளித் தண்ணீரில் போய்விடுகிற மாவு குற்றம். பல வருஷம் நிற்கிற எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெருமை. இரண்டும் ஒரே நகரம், ஒரே சீசன்.

இதைச் சொன்னால் நண்பர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். “எல்லாமே அரசியல் பேசணுமா மச்சி? ஒரு பூவ பூவா பாக்கக் கூடாதா?” பார்க்கலாம். உன் வீட்டுச் சுவரில் வரைந்து பார். உன் அபார்ட்மென்ட் அசோசியேஷன் பால்கனியில் துணி காயப்போடுவதற்கே சர்க்குலர் அனுப்புகிறது. நாலு மாடி உயரத்துக்கு முகம் வரைய வாட்ஸ்அப் குரூப்பில் அனுமதி கேட்டுப் பார். அங்கே சுவர் சொத்து. கண்ணகி நகரில் மட்டும் சுவர் கேன்வாஸ்.

பேசுகிற சுவர்களும் இருக்கின்றன. 2015இல் பெங்களூரில் பாதல் நஞ்சுண்டசாமி ஒரு தெருக் குழியில் ஆளுயர முதலையைச் செய்து வைத்தார். அந்தத் தெருவின் பிரச்சினை, அந்தக் குழியின் அளவு, அங்கே போகிறவனின் கோபம் மூன்றும் அதில் இருந்தன. ஸ்பான்சர் பிடித்து வரைந்தால் பேச முடியாது என்பதும் இல்லை. நம் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பைப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை ஒதுக்குவதற்கு எதிராக ஏ-கில், கத்ரா இருவரும் 2021இல் வரைந்த முகங்கள். இதுவும் ஸ்டார்ட் இந்தியா சம்பந்தப்பட்டதுதான். முகத்தைப் பார்த்து யாருக்குத் தொற்று, யாருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. சொல்ல முயன்று பார்க்கிற அந்த இரண்டு விநாடி நாமே நம்மிடம் மாட்டிக்கொள்கிறோம். அந்தச் சுவர் பார்ப்பவனைக் கேள்வி கேட்கிறது. நான் போட்ட படமோ லைக் மட்டும்தான் கேட்டது.

கண்ணகி நகர் என்றால் வேறு மாதிரி பார்ப்பது உண்மையிலேயே கொஞ்சம் அசைந்தது 2025 அக்டோபரில் என்று எனக்குத் தோன்றுகிறது. பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். டிவியில், பேப்பரில், பேனரில் எல்லாம் ஊர் பெயரோடு சேர்த்துத்தான் அவர் பெயர் வந்தது. “எங்க கார்த்திகா” என்று அக்கா லிஃப்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றைக்கு அவருக்கு துரைப்பாக்கம் தேவைப்படவில்லை.

என்ன செய்யணும்கிற? சரி, சொல்கிறேன். ஒரு குடியிருப்பில் பிரஷ் எடுப்பதற்கு முன் பைப்பை மாற்றுங்கள். ஓட்டை அடைத்து, பூச்சு பூசி, அது காய்ந்த பிறகு வரையுங்கள். எந்தப் பெயின்டருக்கும் தெரிந்த வரிசைதான் இது. என்ன வரைவது என்று அந்த பிளாக்கில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சாய்பாபா வேண்டும், அம்பேத்கர் வேண்டும், விஜய் வேண்டும் என்பார்கள். உங்கள் கலர் ஸ்கீமுக்கு ஒத்துவராதுதான். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வரைகிறவர்களில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும், முழுக் கூலியோடு. திண்டிவனத்தில் ஒரு வாட்ச்மேன் சும்மாதான் இருக்கிறார். இன்னும் ‘ழ’ போடுவார்.

என் பங்குக்கு நான் செய்தது மகா கேவலம். இரண்டாவது மியூரல் வாக் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள், வேலை ஜாஸ்தி என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். எச்.ஆரிடம் போய் முகவரி பார்த்து ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். அதெல்லாம் வெண்டார் பார்த்துக்கொள்வது என்றார்கள். வெண்டாரிடம் கேட்டேன், அப்படியெல்லாம் இல்லை சார் என்றார்கள். அத்தோடு என் புரட்சி முடிந்தது. பைப் இன்னும் ஒழுகுகிறது.

இதை எழுதும்போது அந்தப் படத்தின் ஒரிஜினலைப் போனில் தேடி எடுத்தேன். இன்ஸ்டாகிராமில் போடும்போது நான் வெட்டியெறிந்த கீழ்ப் பகுதி அதில் இருந்தது. ஓவியத்தின் தாடைக்குக் கீழே, ஆள் உயரத்தில், கரித்துண்டால் யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுத்து கோணல்தான். நூல் பிடித்து எழுதியதில்லை.

“மோட்டர் காலைல 5 மணிக்கு மட்டும். மேல் வீடு புடிச்ச பிறகு கீழ் வீடு. சண்ட போட வேணாம்.”