பெட்டியில் அச்சடித்த வாற்றும் ஒரு நிறுவைதான்



வெருகல், ஈச்சிலம்பற்று, தோப்பூர், மூதூர் பக்கம் வாகனம் வைத்திருக்கும் எல்லாருக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். சவுண்ட் செட் மாற்றக் காசு சேர்த்து வைத்திருக்கும் தம்பிமார் கட்டாயம் முழுசாக வாசியுங்கள்.

மீன் கடையில் ஒரு கிலோவுக்கு 900 கிராம் நிறுத்துத் தந்தால் சும்மா விடுவோமா? சந்தையே கூடிவிடும். தராசுக்கு முத்திரை குத்த அரசாங்கத்தில் ஒரு திணைக்களமே இருக்கிறது. ஆனால் 150 வாற்று கொடுக்கவே திணறும் ஒரு அம்ப்ளிஃபயர் பெட்டியில் "1000 வாற்று" என்று அச்சடித்து விற்கிறார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. "மச்சான், ஆயிரம் வோட்ஸ்டா" என்று தோளில் வைத்துக்கொண்டு வருகிறோம்.

பொய் என்று எப்படிச் சொல்கிறேன்? சாதாரண தர விஞ்ஞானம் போதும். வோல்ற்றளவை மின்னோட்டத்தால் பெருக்கினால் வலு. ஓடுகிற வாகனத்தில் ஏறக்குறைய 14.4 வோல்ற்று இருக்கும். அம்ப்ளிஃபயரின் பின்பக்கம் திருப்பி பியூஸைப் பாருங்கள். 20 அம்பியர் என்றால் 14.4 × 20 = 288 வாற்று. தொடர்ந்து அதற்கு மேல் இழுத்தால் பியூஸ் போய்விடும். உள்ளே போகும் 288இலும் பாதிக்குக் கிட்ட சூடாகக் கழியும். நல்ல டி கிளாஸ் என்றாலும் வெளியே வருவது 230 அளவுதான். மற்ற வாற்றெல்லாம் எங்கே? பெட்டியில் மட்டும்தான்.

டாஷ்போர்டில் இருக்கும் செட்டில் "50 × 4" என்று இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். தனி அம்ப் இல்லாத செட் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடிய உச்சம்: 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 8ஆல் வகுங்கள். 26க்குள் வரும். இழப்புப் போக 15 முதல் 20 வாற்று.

இந்தப் பொய்தான் ஸ்பீக்கரை எரிக்கிறது. 50 இருக்கிறது என்று நம்பி வொல்யூமைக் கடைசி வரை திருப்புகிறோம். மேலே பேஸ் பூஸ்ட். 10 டெசிபெல் பேஸ் கூட்டினால் அந்த இடத்தில் 10 மடங்கு வலு வேண்டும். 20 வாற்றுச் செட் 200க்கு எங்கே போகும்? அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரவென்று வரும். அந்த வெட்டுப்பட்ட அலை ஸ்பீக்கரின் சுருளைச் சூடாக்கும். கூட்டிய பேஸ் கோனை எல்லை தாண்டித் தள்ளும். பிறகு கடைக்குப் போனால் பதில் தயார்: "கம்பனி ஸ்பீக்கர் அப்படித்தான். 500 வாற்று ஒன்று போடுங்க." ஸ்பீக்கரில் எழுதியிருப்பது அது தாங்குமென்று சொல்லும் அளவு. அது சத்தத்தின் அளவு கிடையாது. சத்தத்துக்குப் பார்க்க வேண்டியது உணர்திறன். 92 டெசிபெல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 86 டெசிபெல் ஸ்பீக்கரில் எடுக்க 4 மடங்கு வலு வேண்டும்.

நம்மிடம் ஓடுவது பெரும்பாலும் பழைய வாகனங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அவற்றின் கோனும் ஓரத்து ஸ்பொஞ்சும் வயசாகிவிட்டன. மாற்றத்தான் வேண்டும். ஆனால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில் காசு போகாத வேலை. இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரிக் கொடுத்திருக்கிறதா பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் ஒன்றின் பேஸை மற்றது தின்றுவிடும். கரகரக்கும் ஸ்பீக்கரை மற்றப் பக்கத்து வயரில் போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாகப் பாடினால் பழுது வயரில் அல்லது செட்டில். மீற்றரில் 4 ஓம் ஸ்பீக்கர் 3க்கும் 4க்கும் இடையில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் எரிந்துவிட்டது. ஓரம் மட்டும் கிழிந்திருந்தால் ஓரத்தை மட்டும் மாற்றலாம்.

அடுத்து கதவு. உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியாக ஸ்பீக்கரின் பின்பக்க அலை வந்து முன்பக்க அலையை அழிக்கும். ஒட்டும் றப்பர் ஷீட்டால் அவற்றை மூடி, ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பூட்டுங்கள். தண்ணீர் வடியும் கீழ்த் துவாரத்தை மட்டும் மூட வேண்டாம். அதன் பிறகு 90க்கு மேல் உணர்திறன் உள்ள ஒரு சோடி ஸ்பீக்கர். செட்டில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதி இருந்தால் போடுங்கள். இன்னும் பேஸ் வேண்டுமென்றால் மூடிய பெட்டியில் ஒரு 8 அல்லது 10 அங்குல சப் வூஃபர், உண்மையான 100 வாற்று அம்ப். காருக்குள் அது தாராளம். பற்றரியிலிருந்து ஒரு அடிக்குள் பியூஸ் இல்லாமல் வயர் இழுக்க விடாதீர்கள். வயர் உரசினால் வாகனமே பற்றிவிடும். வயரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

"சேர், நீங்க பாட்டுக் கேட்க வழி சொல்லிக் கொடுக்கிறீங்களா?" என்று சிலர் கேட்பார்கள். வாகனத்தில் கிராஅத்தும் பயானும் கோயில் பாட்டும் செய்தியும் வருவது அதே ஸ்பீக்கரில்தான். என் கோபம் பாட்டில் இல்லை, மோசடியில்.

"கடைக்காரர் என்ன செய்வார், சீனாவில் அச்சடித்து வருகிறது" என்பார்கள். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தானியத்தை நனைத்தது மழைதான். ஆனாலும் மறைத்தது அவர் குற்றம். அளவில் மோசம் செய்வோர் பற்றி 83ஆம் அத்தியாயம் தொடங்குவதே எச்சரிக்கையோடுதான். தராசுக்கு ஒரு மார்க்கம், வாற்றுக்கு வேறு மார்க்கமா?

2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. முறைப்பாட்டு இலக்கம் 1977. ஆனால் பில் இல்லாமல் எதை வைத்து முறையிடுவீர்கள்? ஆகவே கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். எவ்வளவு? பியூஸ் எத்தனை அம்பியர்? உணர்திறன் எத்தனை டெசிபெல்? பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையை விட்டு இறங்கி வாருங்கள்.

கடலிலும் வயலிலும் உழைத்த காசு அது. நம் பிள்ளைகள் ஆயிரத்துக்குக் காசு கொடுத்து நூற்றைம்பதை வாங்கி வர வேண்டாம். வாகனம் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள்.