பெயரறியா வயிற்றுநோய்

நோயினும் கொடியது அந்நோய் இன்னதென்று அறியாதிருத்தல். காலில் முள் தைத்தவன் முள்ளைக் கண்டு பிடுங்கி எறிகிறான். மாதந்தோறும் வந்து மூன்று நாள் முறுக்கிவிட்டுத் தானே விலகி, மறுபடியும் சொல்லாமல் வந்து நிற்கும் வயிற்று வலிக்கு ஆளானவனோ எதைப் பிடுங்கி எறிவான்? அவனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். காலையில் அங்கே பேருந்துக்காக நிற்போரிடையே, மஞ்சட்பை ஒன்றை மார்போடு அணைத்து நிற்பவர் ஒருவரேனும் இருப்பர். பைக்குள் ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், நாலைந்து வைத்தியர்களின் சீட்டுகள். ஓமமும் சீரகமும் கொதிக்கவைத்துக் குடித்தாயிற்று, மருந்துக் கடையிலே கேட்டு மாத்திரை விழுங்கியாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. திருவண்ணாமலை, வேலூர், புதுவை, சென்னை என்று அலைந்து, தொண்டை வழியே குழாய் செலுத்தியும் பார்த்தாயிற்று. கடைசியிற் கிடைக்கும் தீர்ப்பு, “உமக்கு ஒன்றுமில்லை” என்பதே.

ஒன்றுமில்லையென்று வைத்தியர் சொன்ன அன்றே வேறொரு வழக்கு ஆரம்பமாகிறது. யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று அயலார் சொல்ல, வயிற்றிலிருந்து மருந்தெடுக்கும் ஆளிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறுகிறார்கள். வேலைக்கு அஞ்சி நடிக்கிறான் என்று பங்காளி சொல்கிறான். நோயாளி பெண்ணாயின், மாமியாரிடம் உள்ள மனக்கசப்பே வலியாக வந்ததென்று வீட்டிலேயே தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். வலியோடு பொய்யன் என்ற பழியையும் சுமக்க வேண்டியிருக்கிறது.

நியாயஸ்தலத்திலே சந்தேகம் எழுமாயின் அதன் பலன் எதிரிக்குச் சேரும். வைத்தியசாலையிலோ சந்தேகத்தின் பாரம் முழுவதும் நோயாளியின் தலைமேல் விழுகிறது. வாய்தா போடுவதற்கும் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கும் உள்ள வேற்றுமையைக் கோர்ட்டுப் படியேறியவர் யாவரும் அறிவர். “காரணம் இன்னும் விளங்கவில்லை, இன்ன தேதியில் மறுபடியும் வாரும், இன்னின்ன குறி கண்டால் உடனே வாரும்” என்பது வாய்தா. “ஒன்றுமில்லை, போம்” என்பது தள்ளுபடி. நாம் கேட்பது வாய்தாவையே.

இந்த வேற்றுமை அற்பமன்று என்பதற்குத் தமிழ்நாடு பறிகொடுத்த ஒரு பெருமகனே சான்று. கணிதமேதை சீனிவாச ராமானுஜன் 1917இல் கேம்பிரிட்ஜில் நோயுற்றார். இங்கிலாந்து வைத்தியர்கள் முதலில் வயிற்றுப் புண் என்று ஐயுற்றனர். ஈரலிற் புற்று என்றும் ஓர் அபிப்பிராயம் எழுந்தது. பின்னர் க்ஷயமென்று கருதி ஆரோக்கிய நிலையங்களில் வைத்தனர். 1918இல் ராயல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியபோதும் உடல் தேறவில்லை. 1919இல் தாய்நாடு திரும்பினார். இங்கும் க்ஷயத்துக்கே வைத்தியம் நடந்தது. வலி மிகும்போது மனைவி ஜானகி அம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதிய கணிதம் எழுதியனுப்பிய அம்மேதை, ஏப்ரல் 26ஆம் தேதி தம் 32ஆம் வயதிலே சென்னையில் மறைந்தார்.

1994இல் டி. ஏ. பி. யங் என்பவர் பழைய ஆதாரங்களை ஆராய்ந்து, அது ஈரலைப் பற்றிய அமீபா நோயாயிருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ராமானுஜன் 1906இல் சென்னையிலே சீதபேதியால் வருந்தியதும், பின்னர் விட்டுவிட்டு வந்த காய்ச்சலும் வலியும் அம்முடிவுக்கு ஆதாரங்கள். இது ஊகமேயன்றி நிரூபணமன்று. ஆயினும், 1912இலேயே கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் அமீபா நோய்க்கு எமெட்டின் பயன்படுவதை நிலைநாட்டியிருந்தார் என்பதை நினைக்க நெஞ்சம் துணுக்குறுகிறது. யங்கின் ஊகம் மெய்யாயின், மருந்து இருந்தது, வைத்தியர் பலர் இருந்தனர். அவர் வயிற்றின் பழைய கதையை முதலிலிருந்து முடிவுவரை சேர்த்துப் படித்தவர் ஒருவரும் இல்லை.

இன்று அறிந்ததாக நினைப்பதும் நாளை மாறக் கூடும். வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணமென்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலே ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டி, புண்களிற் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணமென்பதை நாட்டினர். 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். அதுவரை எத்தனை பேரை, “கவலையை விடு” என்று மாத்திரம் சொல்லி அனுப்பியிருப்பார்கள்! இன்னும் சிலருக்குப் புண்ணுமில்லை, கட்டியுமில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் நரம்புச் செய்தி பிறழ்ந்து, குடலின் இயல்பான அசைவே வலியாக உணரப்படுகிறது. ஸ்கேன் படத்தில் இது தெரியாது. தெரியாமையால் வலி பொய்யாகிவிடாது.

எல்லா வலிக்கும் உடனே பெயர் சூட்ட வேண்டுமென்று வைத்தியரை நாம் நெருக்கவில்லை. நாள் முழுதும் கூட்டம் நிற்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவர் படும் சிரமத்தை அறிவோம். தெரியாததைத் தெரியாதென்று சொல்லும் நேர்மையும், தெரியும்வரை கைவிடாத பொறுப்புமே நாம் வேண்டுவன.

சர்க்கார் செய்யக்கூடியது எளிது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் பெயர்ப் பதிவு வைத்து, வீடு தேடி மருந்து கொடுக்கிறார்கள். அதே முறையில், திரும்பத் திரும்ப வயிற்று வலியோடு வருவோருக்கும் தாலுகா ஆஸ்பத்திரியில் ஒரு பதிவேடு திறக்கட்டும். பழைய சீதபேதி முதல் நேற்று விழுங்கிய மாத்திரை வரை அதில் ஏறட்டும். குறித்த நாளில் இயன்றவரை ஒரே வைத்தியர் பார்க்கட்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அப்பதிவும் உடன் செல்லட்டும். செய்த பரிசோதனையையே மறுபடியும் செய்து ஏழையின் காசு கரைவதும் நிற்கும்.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. உடல் மெலிதல், இரத்த வாந்தி, மலம் கறுத்தோ இரத்தத்தோடோ போதல், விழுங்க முடியாமை, விடாத காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் வலி இவற்றுள் ஒன்று கண்டாலும் மருந்தெடுப்பவனிடம் போகாது வைத்தியரிடம் விரையுங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளிற் சில இரைப்பையைப் புண்ணாக்குவன என்பதையும் மறவாதீர்கள்.

சூலை நோயால் துடித்த நாவுக்கரசர் திருவதிகையிலிருந்த தமக்கையாரிடம் வந்து சேர்ந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. திலகவதியார் தம்பியின் வலியை ஐயுறவில்லை. அவரை ஏற்று உடனழைத்துச் சென்றார். இன்று மஞ்சட்பையோடு வீடு திரும்புவோனுக்கு அத்தகைய வாயில் ஒன்றேனும் திறந்திருக்க வேண்டும். சர்க்கார் பதிவேட்டைத் திறக்கட்டும். வீட்டாரும் ஊராரும் வசைமொழியை நிறுத்தட்டும். இரண்டாவதற்கு எவர் உத்தரவும் வேண்டுவதில்லை, இன்றே தொடங்கலாம்.