மூன்று பொருத்தம் பார்ப்போம்

நல்ல ஸ்பீக்கர் சோடி ஒன்றை வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்ட ஒருவர், அடுத்ததாக அம்பிளிபயர் வாங்கக் கடைக்குச் செல்கிறார். அவர் முதலிற் கேட்பது, “இது எத்தனை வாற்று?” என்பதே. கடைக்காரர் ஒரு பெரிய எண்ணைச் சொல்லுகிறார், வியாபாரம் முடிந்துவிடுகிறது. சில மாதங்களின் பின் மிருதங்கம் கரகரக்கிறது. அல்லது ஒரு ஸ்பீக்கர் அடியோடு ஊமையாகிவிடுகிறது. பல மாதச் சேமிப்பு வீணாயிற்றே என்று வீட்டார் வருந்துகின்றனர். பழியோ பாவம், ஸ்பீக்கரின் தலையில் விழுகிறது.

எண் பெரிதா என்று கேட்டவர், இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கேட்கவில்லை. திருமணம் என்றால் நாம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இங்கே மூன்று பார்த்தாற் போதும்.

தொடங்குமுன் ஒரு சொல். ‘ஒலிபெருக்கி’ என்று இரு கருவிகளையும் குறிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மயக்கம் நேராதபடி, மின்குறியை வலுப்படுத்துவதை அம்பிளிபயர் என்றும், அதனை ஒலியாக மாற்றும் பெட்டியை ஸ்பீக்கர் என்றும் இங்கே வழங்குவோம்.

முதலாவது, வலிமைப் பொருத்தம். ஒரு வாற்று மின்வலுவைக் கொடுத்து, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கும் என்பதை ஸ்பீக்கரின் குறிப்புத்தாளிற் காணலாம். இதுவே அதன் உணர்திறன். இந்த எண் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் பெரிதும் வேறுபடும். பி.பி.சி. நிறுவனம் தன் வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டியின் உணர்திறன் ஏறக்குறைய 83 டெசிபெல். அமெரிக்கரான போல் கிளிப்ஷ் 1940களில் அமைத்த, அறையின் மூலையில் நிறுத்தும் கொம்பு ஸ்பீக்கரோ 100 டெசிபெல்லையும் கடந்தது. இருபது டெசிபெல் வேறுபாடு என்பது நூறு மடங்கு வலு. பின்னது ஒரு வாற்றிலே எழுப்பும் ஒலியை முன்னதில் எழுப்ப நூறு வாற்றளவு வேண்டும். அத்துணை வலுவை அச்சிறு பெட்டி தாங்கவும் மாட்டாது. ஆதலால், ஸ்பீக்கரைச் சொல்லாமல் ‘எத்தனை வாற்று வேண்டும்?’ என்று கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்தின் அளவைக் கேட்பது போன்றதாகும்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்கை மனத்திற் பதித்துக்கொள்ளலாம். வலுவை இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபெல் மாத்திரமே கூடும். கேட்பவர் செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறக்குறையப் பத்து மடங்கு வலு வேண்டும். அப்படியாயின், 50 வாற்றுக் கருவிக்கும் 60 வாற்றுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு. அந்தப் பத்து வாற்றுக்காக அதிக பணம் கொடுப்பவர், காதுக்கு எட்டாத ஒன்றுக்கே அதனைக் கொடுக்கிறார்.

ஆயினும், மிகச் சிறிய கருவியே போதும் என்று முடிவு செய்துவிடலாகாது. உணர்திறன் 87 டெசிபெல் உள்ள ஸ்பீக்கர் சோடியை மூன்று மீற்றர் தூரத்திலிருந்து கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்தால் இழப்பதையும், இரண்டாவது ஸ்பீக்கரும் சுவர்களும் திருப்பித் தருவதையும் கூட்டிக் கழித்தால், ஒரு வாற்றுக்கு ஏறக்குறைய 82 டெசிபெல் நம்மை வந்தடையும். வீட்டில் இனிதாகக் கேட்கும் சராசரி ஒலி 75 டெசிபெல்லளவு. அதற்கு ஒரு வாற்றின் ஐந்திலொரு பங்கே போதும். ஆனால், தவிற்காரர் ஓங்கி அடிக்கும் அந்தக் கணத்தில் ஒலி இருபது டெசிபெல் உயரலாம். அப்பொழுது தேவை நூறு மடங்காகி, இருபது வாற்றாகிவிடுகிறது. ஆகவே இவ்வீட்டுக்கு 40 வாற்று இருந்தால் கையிருப்பும் உண்டு, கவலையும் இல்லை.

கையிருப்பு இல்லாத கருவியை முழு அளவுக்குத் திருகினால் நேர்வது யாது? மின்னலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிறது. வெட்டுண்ட அலையிற் கூரிய உயர்சுருதி ஓசைகள் புதிதாக எழுகின்றன. கருவியும் தன் குறித்த அளவுக்கு மேலான வலுவை வெளிவிடுகிறது. இவை இரண்டும் சேர்ந்து, உயர்சுருதியை ஒலிக்கும் சிறு ‘டுவீட்டரின்’ மெல்லிய கம்பிச்சுருளைச் சுட்டுக் கருக்குகின்றன. சிறிய அம்பிளிபயர் ஸ்பீக்கருக்குத் தீங்கு செய்யாது என்று நம்பியிருப்போர் இதனை அறிதல் வேண்டும்.

மிகையான வலுவும் சில ஸ்பீக்கர்களுக்கு ஆகாது. இங்கிலாந்தில் பீற்றர் வாக்கர் என்பாரின் குவாட் நிலைமின் ஸ்பீக்கர் 1957ல் விற்பனைக்கு வந்தது. மின்னேற்றிய மெல்லிய தகடு அசைந்து பாடும் அற்புதம் அது. அதே நிறுவனத்தின் 15 வாற்று வால்வு அம்பிளிபயர் அதற்குச் சாலப் பொருந்தியது. ஆனால் 33 வோல்ற்று அளவிலான உச்சத்தைக் கடந்து அதனை ஓட்டினால், உள்ளே மின்பொறி பாய்ந்து தகட்டைத் துளைத்துவிடும். பெரிய திரான்சிற்றர் கருவிகளோடு அதனைப் பிணைத்தவர் சிலர் இவ்வுண்மையைப் பெருஞ் செலவிற் கற்றனர்.

இரண்டாவது, ஓம் பொருத்தம். ஸ்பீக்கரின் பின்புறத்தில் 8 ஓம், 4 ஓம் என்று பொறித்திருக்கும். இது ஓட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் பொது அளவு மாத்திரமே. உண்மையிலே தடை சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். 8 ஓம் என்று பெயர் பெற்றது ஓரிடத்தில் 4 ஓமுக்கும் தாழலாம். தடை பாதியானால், அதே வோல்ற்றளவுக்கு அம்பிளிபயர் இருமடங்கு மின்னோட்டம் தரவேண்டும். தர இயலாத கருவி சூடேறித் தளரும். எனவே, ஸ்பீக்கரின் மிகக் குறைந்த தடை எவ்வளவு என்பதையும், அம்பிளிபயர் 4 ஓமில் எத்தனை வாற்றுத் தருகிறது என்பதையும் கேளுங்கள். 8 ஓமில் 50 வாற்றுத் தருவது 4 ஓமில் 80, 90 என்று உயருமாயின் அதன் உள்ளுறுப்புகள் உறுதியானவை என்று கொள்ளலாம். 4 ஓம் அளவைச் சொல்லவே தயங்கும் கருவியிடம் நாமும் தயங்குவதே நன்று. இரு 8 ஓம் சோடிகளை ஒரே வாயிலிற் பக்கம் பக்கமாகத் தொடுத்தால் கருவி காண்பது 4 ஓம் என்பதையும் மறத்தலாகாது. வால்வுக் கருவியாயின், 4, 8, 16 எனத் தனித்தனியே உள்ள முனைகளில் உரியதையே தெரிதல் வேண்டும். ஸ்பீக்கரைத் தொடுக்காமல் அதனை இயக்கவே கூடாது.

மூன்றாவது, மனைப் பொருத்தம். சீமெந்துத் தரையும் வெறுஞ் சுவருமுள்ள கூடத்தில் ஒலி முட்டி மோதிச் சொற்களைக் கலக்கும். அங்கே அம்பிளிபயரை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. தரையில் ஒரு தடித்த விரிப்பும் சாளரத்தில் ஒரு கனத்த திரைச்சீலையும் அதனினும் பெருநன்மை செய்யும், செலவும் சொற்பம்.

மின்சாரமும் மனையைச் சேர்ந்ததே. நமது வீடுகளில் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் கருவியை, பின்புறத்திற் பொறித்த எழுத்தைப் படியாமல் நம் சுவரிற் செருகினால், முதற் பாட்டு முடியுமுன்னே புகை எழும்.

இவை மூன்றும் பொருந்திய இரண்டொரு கருவிகள் எஞ்சிய பின்பே செவியின் தீர்ப்பைக் கேட்கவேண்டும். நன்கு பழகிய குரல் ஒன்றின் பதிவைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கூடுமாயின் உங்கள் ஸ்பீக்கரையே கொண்டு செல்லுங்கள். இரு கருவிகளையும் சம ஒலியில் வைத்தே ஒப்பிடுங்கள். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. அவ்வாறு கேட்டும் வேறுபாடு தெரியவில்லையானால், மலிவானதை மன நிறைவோடு வாங்கி வாருங்கள். மிஞ்சிய பணத்துக்கு நல்ல இசைத்தட்டுகள் வாங்கலாம்.